பேகம்பூருக்குப் போன தூக்குவாளி

என் சின்னம்மா முத்துப்பேச்சி யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதே இல்லை. திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிட வேண்டாம். எரியோட்டுப் பக்கம் அந்த வார்த்தையை வாயால் சொல்லுகிற பழக்கம் அப்போது கிடையாது. ஒருவர் உதவி செய்தால் அவர் வீட்டுக்குக் கொஞ்சம் மொச்சைக்காயோ ஒரு கூடை தக்காளியோ போய்ச் சேரும். வாங்கியவர் "எதுக்கு இதெல்லாம்" என்பார். கொடுத்தவர் "கெடக்கட்டும்" என்பார். அதோடு இரண்டு பக்கமும் மனசு நிறைந்துவிடும்.

கூடையில் அடங்காத உதவி ஒன்று வந்து சேர்ந்தபோதுதான் சின்னம்மா திண்டாடிப் போனாள்.

கிணற்றுக்கு வெடி வைக்கப் போன இடத்தில் சித்தப்பா இறந்தபோது சின்னம்மாவுக்குச் சின்ன வயசு. மகன் சோலைமலை பால்பல் விழாத பிள்ளை. ஒரு துண்டு மானாவாரி நிலமும் பங்காளி கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் உரிமையும் மிச்சம். அதில் தக்காளியும் மிளகாயும் போட்டு, கூடையைப் பஸ் மேலே ஏற்றித் திண்டுக்கல் சந்தைக்கு வருவாள். கண்டக்டரோடு சண்டை போடாமல் ஒருநாளும் வந்து இறங்கியதில்லை. மலைக்கோட்டை அடிவாரத்தில் இருந்த என் வீட்டுக்கு வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தச் சண்டையை முதலிலிருந்து நடித்துக் காட்டிய பிறகுதான் உட்காருவாள்.

ஐம்பத்தேழில் திண்டுக்கல்லில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். சோலைமலை தாயிடம் உரம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து வரிசையில் நின்றுவிட்டான். நெஞ்சு அளந்து, பல்லைப் பார்த்து, எடுத்துக்கொண்டார்கள். சின்னம்மா ஒரு வாரம் ஊரையே திட்டினாள். மறுவாரம் "எம்புள்ள நெஞ்சளவப் பாத்துத் தொரைமாரே அசந்துட்டாகளாம்" என்று அதே ஊரிடம் பீற்றிக்கொண்டாள்.

அன்று அவனோடு அதே வரிசையில் நின்று தேறியவன் முகமது பாரூக். பேகம்பூர்க்காரன். அவன் தகப்பனார் தோல் மண்டியில் வேலை பார்த்து இறந்தவர். இருவரும் ஒரே ரயிலில் போனார்கள், ஒரே கூடாரத்தில் கிடந்தார்கள். லீவு மட்டும் ஒன்றாகக் கிடைத்ததில்லை. அதனால் இவன் வீட்டை அவனோ, அவன் வீட்டை இவனோ பார்த்தது கிடையாது. சோலைமலை லீவில் வந்தால் மூச்சுக்கு மூச்சு பாரூக்தான். "பாரூக்கு தக்காளிச் செடியவே பாத்ததில்ல ஆத்தா. மரத்துல காய்க்குதாடானு கேக்குறான்" என்பான். சின்னம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. ஒருநாள் அவனைக் கூட்டிவந்து வயலில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அறுபத்திரண்டு ஐப்பசியில் சீனாக்காரன் சண்டை வந்தது. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றி ஆம்பிளைகள் நின்றார்கள். சின்னம்மா அவர்களை விலக்கிக்கொண்டு போய் நின்று கேட்டாள். ஒரு ஊர்ப் பெயரும் விளங்கவில்லை. பனிமலை என்பது மட்டும் விளங்கியது. நேரே கருப்பசாமி கோயிலுக்குப் போனாள். "எம்புள்ள முழுசா வந்து நிக்கட்டும். ஒனக்குக் கிடா தாரேன்" என்று சொல்லிவிட்டு வந்து, அன்றைக்கே ஒரு குட்டியைப் பிடித்துக் காதில் அடையாளம் போட்டு நேர்ந்துவிட்டாள். அது ஊரார் வெள்ளாமையையெல்லாம் மேய்ந்து கொழுத்தது. சாமி கிடா என்பதால் யாரும் அடிக்க முடியாது.

சோலைமலை பங்குனியில் வந்தான், கட்டையை ஊன்றிக்கொண்டு. பனியில் உறைந்த இடது காலில் விரல்களை எடுத்துவிட்டார்கள். பட்டாளத்திலிருந்தும் அனுப்பிவிட்டார்கள். "முழுசா வரணும்னு கேட்டியே" என்று பூசாரி இழுத்தாராம். "வெரலத்தான வச்சுக்கிட்டாரு, வச்சுக்கட்டும். ஆளக் குடுத்துட்டாருல்ல" என்றாள் சின்னம்மா.

பாரூக் வரவில்லை.

என்ன நடந்தது என்று சோலைமலை ஒரே ஒரு தடவை தாயிடம் சொன்னான். பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவனால் நடக்க முடியவில்லை. காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கும் வரை, மலை வளைவில் சிலர் துப்பாக்கியோடு இருந்து சீனாக்காரர்களைத் தடுத்தாக வேண்டும். பாரூக் இருந்துகொண்டான். "இந்தத் தடிப்பயல மொதல்ல தூக்குங்கடா. கனம், நேரமாகும்" என்று சிரித்தானாம். இவர்கள் கீழே வந்து சேர்ந்தார்கள். வளைவில் இருந்தவர்கள் யாருமே வந்து சேரவில்லை.

அவனுக்காகத் திண்டுக்கல்லில் கூட்டம் போட்டார்கள். வீரமரணம், தியாகம் என்று பேசினார்கள். நானும் போய் நின்று கேட்டேன். நன்றாகத்தான் பேசினார்கள், எனக்கும் அழுகை வந்தது. ஆனால் சோலைமலை கதையைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சில் ஒன்றுகூட என் நினைவில் நிற்கவில்லை. கனம், நேரமாகும் என்று அவன் சொன்னதுதான் நின்றது.

உயிரோடு வந்ததற்காக வெட்கப்படுகிற ஆளை நான் அப்போதுதான் முதலில் பார்த்தேன். சோலைமலை சோற்றைப் பிசைவான், பிசைந்துகொண்டே இருப்பான், கையைக் கழுவிவிடுவான். திண்டுக்கல் பக்கமே வர மாட்டேன் என்றான். பேகம்பூர் என்று வாயெடுத்தால் எழுந்து வயலுக்குப் போய்விடுவான்.

சின்னம்மாவின் நிலைமை வேறு. "அவன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் வயிறு குளுந்து போவுது ராமுத்தாயி. குளுந்த மறுநிமிசமே பயமா இருக்கு" என்றாள் என்னிடம். "அந்தத் தாயி அங்கன அழுதுக்கிட்டுக் கெடக்கும். ஒம்புள்ளையால எம்புள்ள போச்சேன்னு வயிறெரிஞ்சு ஒரு வார்த்த சொல்லிட்டா, இவனுக்குப் பலிச்சிருமே."

போய்ப் பார்க்கவும் பயம். பார்க்காமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. இதற்கு நடுவில் ஊரில் நச்சரிப்பு. மகன் வந்து மாசக்கணக்கில் ஆகிறது, சாமிக்குச் சொன்னதைச் செய்யவில்லை என்றால் நல்லதற்கில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருக்கும்போது நான் எப்படி விருந்து வைப்பேன் என்று இவள் தள்ளிப்போட்டாள். கடைசியில் அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். கிடாயை வெட்டுவது, ஆனால் முதல் கறி பாரூக்கின் தாய்க்கு. அந்த அம்மாள் வாயில் படாமல் தானும் தொடுவதில்லை, மகனுக்கும் வைப்பதில்லை.

அதில் எவ்வளவு யோசித்திருக்கிறாள் பாருங்கள். துலுக்க வீட்டில் அவர்கள் ஆள் அறுத்த கறிதான் சாப்பிடுவார்கள் என்று சின்னம்மாவுக்குத் தெரியும். எரியோட்டுச் சந்தையில் கறிக்கடை வைத்திருந்த கிதர் முகம்மதைப் போய்க் கூப்பிட்டாள். யாருக்கு என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதில் இருந்த சிக்கலை அவரே எடுத்துச் சொல்லியிருப்பார். பூசாரி குதித்தார். கருப்பன் முன்னால் கிடாய் அரிவாளில் ஒரே வெட்டாக விழ வேண்டும், கத்தியால் அறுப்பது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்.

"கருப்பன் கோவிச்சுக்கிட்டாருன்னா நான் பேசிக்கிறேன். நீரு தள்ளி நில்லும்" என்றாள் சின்னம்மா.

கோயில் எல்லைக்கு வெளியே, புளியமரத்தடியில், கிதர் முகம்மது தம் முறைப்படி அறுத்துக் கொடுத்தார். கருப்பனும் ஒன்றும் சொல்லவில்லை. குழம்பு கொதித்து இறங்கியதும் முதல் கரண்டியிலிருந்து தூக்குவாளி நிறைய மொண்டு, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். சோலைமலை கால் வலிக்கிறது, வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

ஆனி மாத வெயிலில் என் வாசலில் வந்து நின்றாள். வீடு முழுக்கக் கறி மணம். "கெளம்பு, பேகம்பூருக்குப் போவோம்" என்றவள், கிதர் முகம்மதை வைத்து அறுத்த சாமர்த்தியத்தையும் பெருமையாகச் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் வேலை பார்த்தவர், பேகம்பூர்க்காரர்களோடு பழகிய ஆள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். "சின்னத்தை, அறுத்தது யாருங்கிறது சரிதான். ஆனா கருப்பனுக்கு நேந்துவிட்ட கிடாயில்ல இது? சாமிக்குப் படைச்சது அவுகளுக்கு ஆகாதே" என்றார்.

சின்னம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? சந்தையில ரெண்டு சீப்பு பழம் வாங்கிட்டுப் போயிருக்கலாம்ல" என்று கத்தினேன். எனக்கு முன்கோபம் அதிகம், உதவாத நேரத்தில்தான் வரும்.

கொஞ்ச நேரம் கழித்து நானே இறங்கிவந்தேன். "சொல்லாமக் குடுத்துருவோம் சின்னம்மா. அவுகளுக்கு என்ன தெரியப்போவுது" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மகனப் பறிகுடுத்தவளப் பொய்யுஞ் சொல்லி ஏமாத்தச் சொல்றியா?" எழுந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டாள். "உள்ளதச் சொல்லிருவேன். வைதாலும் வாங்கிக்கிறேன். வந்துட்டுத் திரும்பிப் போனா இன்னொரு தடவ வரத் தைரியம் வராது."

தூக்குவாளியையும் விடவில்லை.

பேகம்பூரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். சந்துக்குள் ஓட்டு வீடு. வாசல் தட்டியை ஒதுக்கிவிட்டு எட்டிப்பார்த்தது பாரூக்கின் தங்கை நர்கீஸ். யார் என்று கேட்டாள். சின்னம்மாவுக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன், எரியோட்டுப் பக்கமிருந்து வருகிறோம், சோலைமலையின் அம்மா என்று.

அந்தப் பெண் "அம்மா" என்று உள்ளே ஓடினாள். வெளியே வந்த அவள் தாய் ஜெய்தூன் பீவி ஒல்லியான, உயரமான மனுஷி. முக்காட்டைச் சரிசெய்யக்கூட நினைவில்லாமல் சின்னம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"புள்ள வந்துட்டானா?" என்று கேட்டார்.

சின்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். களவில் அகப்பட்டவள் மாதிரி, மெல்ல, "வந்துட்டான் தாயி" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஜெய்தூன் பீவி. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். "வந்துட்டானா. உசுரோட இருக்கானா. யாரைக் கேட்டாலும் தெரியலைங்கிறாக தாயி. பாரூக்கோட பட்டாளத்துல இருந்த ஆளு ஒருத்தர் வந்து, சோலமலையக் காப்பாத்தத்தான் இவன் இருந்துக்கிட்டான்னு சொல்லிட்டுப் போனாரு. அந்தப் புள்ள பொழச்சானா, ஆஸ்பத்திரியில போயிட்டானான்னு அவருக்குந் தெரியல. நான் எப்படித் தூங்குவேன்? அவனும் போயிருந்தா எம்மவன் எதுக்குச் செத்தான்?"

சின்னம்மா ஓவென்று அழுதாள். அத்தனை மாசமும் பயந்து பயந்து அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. பயந்த வார்த்தை வரவே இல்லை. அவள் எந்தப் பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று சொல்ல நடுங்கினாளோ, அதே பிள்ளை உயிரோடிருக்கிறான் என்று கேட்கத்தான் இந்த அம்மாள் காத்துக் கிடந்திருக்கிறார். எனக்கும் கண்ணில் தண்ணீர் நின்றபாடில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று சும்மா சொல்லுவோம், அன்றைக்கு நிஜமாகவே இறங்கியது.

அழுது ஓய்ந்த பிறகு ஜெய்தூன் பீவியின் கண் தூக்குவாளி மேல் போனது. சின்னம்மா ஒளிக்கவில்லை. கருப்பனுக்கு நேர்ந்தது, கிதர் முகம்மதைக் கூப்பிட்டது, பூசாரி குதித்தது, தன் தப்பு வழியில்தான் தெரிந்தது, எல்லாவற்றையும் ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டே வந்த ஜெய்தூன் பீவி, பூசாரியைத் தள்ளி நிற்கச் சொன்ன இடத்தில் சிரித்துவிட்டார். அடுப்படியிலிருந்த நர்கீஸ் அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதறி ஓடிவந்தாள். எத்தனை மாசமாயிற்றோ அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு.

"எங்களுக்கு ஆகாதுதான் தாயி. மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றவர், சின்னம்மாவின் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு கறுப்புக் கிடாய் கட்டியிருந்தது. நல்ல கொழுத்த கிடாய்.

"சண்ட வந்தன்னைக்கு நாகூரார் பேருல நேந்தது. ரெண்டு பேருக்குஞ் சேத்துத்தான் நேந்தேன். எம்மவன் லீவுல வந்தா ஒங்க மவன் பேச்சுத்தான் பேசுவான். அவனத் தனியா விட்டுட்டு இவனுக்கு மட்டும் எப்படிக் கேக்குறது? இவன் மவுத்தான சேதி வந்ததும் எல்லாரும் வித்துருன்னாக. இன்னொருத்தன் சேதி தெரியாம எப்படி விப்பேன்? தெனம் தழை போட்டுக்கிட்டு இருக்கேன்."

சின்னம்மா தன் மகனுக்கு மட்டும்தான் வேண்டிக்கொண்டவள். அது அந்த நிமிஷம் அவள் மனசில் தைத்திருக்கும். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஜெய்தூன் பீவி அதைக் கவனித்தாரோ என்னவோ, அவளை யோசிக்கவே விடவில்லை.

"ஒங்க கிடா எங்களுக்கு ஆகாது. எங்க கிடா ஒங்களுக்கு ஆகும்ல?"

"ஏன் தாயி ஆகாது" என்றாள் சின்னம்மா, மூக்கைச் சிந்திக்கொண்டே. "கருப்பன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாரு."

"அப்ப வர்ற வெள்ளிக்கிழம அவனக் கூட்டிட்டு வாங்க."

தூக்குவாளிக் கறியை அன்று என் வீட்டுக்காரர்தான் ரசித்துச் சாப்பிட்டார். சின்னம்மா மட்டும், விரதம் இன்னும் முடியவில்லை என்று வெறும் மோர் குடித்துவிட்டு ஊருக்குப் போனாள்.

சோலைமலையைக் கிளப்புவது லேசாக இருந்திருக்காது என்று நினைத்தேன். லேசாகத்தான் இருந்ததாம். "அந்தம்மா ஒன்னத் திட்டக் காத்திருக்கல. நீ இருக்கியான்னு பாக்கக் காத்திருக்கு" என்றாளாம் சின்னம்மா. அவன் அன்றே சட்டையைத் துவைத்துப் போட்டானாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, பாத்திஹா ஓதி, பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறக்கிற நேரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். அந்நிய ஆம்பிளை என்று நர்கீஸ் உள்ளே போய்விட்டாள். ஜெய்தூன் பீவி போகவில்லை. "எம்மவன்கூடக் கெடந்தவனுக்கு நான் என்ன கோஷா பாக்குறது" என்று முன்னாலேயே நின்றார்.

சோலைமலை கட்டையைப் போட்டுவிட்டு அவர் காலில் விழப் போனான். அவர் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்திவிட்டார். "மனுசன் கால்ல மனுசன் விழக்கூடாதுப்பா. ஒக்காரு" என்றார். அவன் உட்கார்ந்தான். அவரும் எதிரே உட்கார்ந்தார். "சொல்லு" என்றார்.

அவன் சொன்னான். தாயிடம் சொன்னதைவிட நிறையச் சொன்னான். பாரூக் தன் காலுறையைக் கழற்றி இவன் காலில் மாட்டியதை அவளிடம்கூடச் சொன்னதில்லை. கடைசியில், "நாங்க எறங்குற வரைக்கும் மேல துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா. அது கேட்ட வரைக்கும் எங்க ஒருத்தருக்கும் பயமில்ல" என்றான்.

ஜெய்தூன் பீவி, "காலக் காட்டு" என்றார்.

அவன் கூச்சத்தோடு இழுத்துக்கொண்டான். அவர் விடவில்லை. காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, விரல் இல்லாத அந்தப் பாதத்தை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். முழங்காலை, கைகளை, தோளைத் தொட்டுப் பார்த்தார். முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். பிறந்த குழந்தையை மருத்துவச்சி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பிறகு சின்னம்மாவின் பக்கம் திரும்பினார்.

"வெரல் மட்டுந்தான் தாயி போயிருக்கு. மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றார். "எம்மவன் நல்லாத்தான் காப்பாத்தியிருக்கான்."

தட்டை இழுத்து அவன் முன்னால் வைத்து, தம் கையாலேயே சோறு போட்டார். சோலைமலை அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தான். இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டான்.